குளிர்கால உடை: கடையிலேயே எடுத்துக்கொள்ளட்டும்

(குளிர்கால உடைத் திட்ட ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை ஓய்ந்ததும் நீலகிரியில் வானம் தெளிந்துவிடும். மேகம் இல்லாத அந்த இரவுகளில்தான் உறைபனி இறங்குகிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடிகாலைப் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே விடிகாலையில், தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கும் தாய்மார்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குளிர் உடை கொடுப்பது என்பதில் நம்மிடையே இரண்டு கருத்து இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று, மொத்த வியாபாரியிடம் ஒரே தடவையில் வாங்கி, மண்டபத்தில் மேடை போட்டு வழங்குவது. மற்றொன்று, குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்து, நம் கடைவீதியிலுள்ள பழைய ஜவுளிக்கடையில் அவர்களே எடுத்துக்கொள்ளச் செய்வது. மொத்தமாக வாங்கினால் உருப்படிக்கு விலை குறையும் என்று சகோதரர்கள் சொல்வது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனாலும் நாம் இரண்டாவது யோசனையை ஆதரிக்கிறோம். அதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

முதல் காரணம், பெண்களின் தேவை ஒன்றுபோல் இருப்பதில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் வேண்டும். தலைவழியாக மாட்டுவது அவளுக்கு உதவாது. தோள் வலியால் கையைத் தூக்க முடியாத மூதாட்டிக்கும் அப்படித்தான். புர்கா அணியும் பெண்ணுக்கு உள்ளே போட மெல்லிய, முழுக்கைப் பின்னல் வேண்டும்; தடித்த ஸ்வெட்டர் அதற்குள் அடங்காது. தேயிலை பறிக்கப் போகிறவளுக்கு மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கும் கை வேண்டும். தொளதொளவென்று இருந்தால் செடியில் மாட்டும், பனியில் நனையும். இவற்றையெல்லாம் ஆண்கள் நாம் உட்கார்ந்து, சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் பட்டியல் போட்டு முடித்துவிட முடியுமா?

பழைய ஜவுளிக்கடை இந்த வேலைக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. விரிப்பில் உட்கார்ந்து, மேல் அலமாரியிலிருந்து கட்டை இறக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். பத்து உருப்படி பார்த்து ஒன்று எடுத்தாலும் முகம் சுளிப்பதில்லை. உள்ளே போடும் உடைகளை ஆணிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பெண் விற்பனையாளர் இருக்கிறார். திண்ணையில் தையற்காரர் இருக்கிறார். கை நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் அங்கேயே முடிந்துவிடும். பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக எடுத்துக் கையை மடித்துவிடும்மா, அடுத்த வருஷமும் போடலாம் என்று சொல்ல அந்தக் கடையில் ஆள் உண்டு.

இரண்டாவது காரணம், துணியின் குணம். லூதியானாவிலிருந்து வரும் விலை குறைந்த ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூலில் பின்னப்பட்டவை. அவை குறை சொல்லத்தக்கவை அல்ல. துவைக்க எளிது, சீக்கிரம் காயும். உண்மையான கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகும் உடலுக்குச் சூடு தரும். ஆனால் விலை கூடுதல், வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். பருத்தி நனைந்தால் உடலைக் குளிர வைத்துவிடும். உடம்பைக் காப்பது துணிகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றுதான். அதனால் தடித்த ஒன்றைவிட, மெல்லியவை இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது பல நேரங்களில் நல்லது. பச்சைக் குழந்தைக்கு ஆயத்த உடை ஒன்றைவிட, மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் ஃபிளானல் துணியும் ஒரு குல்லாவும் இரண்டு ஜோடி காலுறையும் அதிகம் பயன்படும். குழந்தைக்குத் தலைவழியாக நிறையச் சூடு வெளியேறுகிறது. கழுத்தில் கயிறு கட்டும் குல்லாவைத் தூங்கும்போது போட்டுவிடக் கூடாது. முகத்தை மூடவும் கூடாது.

மூன்றாவது காரணமே முதன்மையானது. அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனத்தில், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் மனம் நோகச் செய்வதும் தர்மத்தைப் பாழாக்கிவிடும் என்று இறைவன் எச்சரிக்கிறான். 267ஆம் வசனத்தில், நமக்கே தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற நிலையில் உள்ள மட்டமான பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள் என்கிறான். 271ஆம் வசனத்தில், ஏழைகளுக்கு மறைத்துக் கொடுப்பது மேலானது என்கிறான். இமாம் ஜைனுல் ஆபிதீன் அவர்கள் மதீனாவில் இரவு நேரத்தில் உணவு மூட்டையைத் தாமே சுமந்து சென்று ஏழைகளின் வீட்டில் சேர்த்தார்கள் என்றும், அவர்கள் வஃபாத்தான பிறகுதான் கொடுத்தவர் யார் என்பது தெரிந்தது என்றும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மேடையில் பெயர் வாசித்து, வரிசையில் நிற்க வைத்து, படமெடுத்து ஒரு ஸ்வெட்டரைக் கையில் கொடுத்தால் அந்தப் பெண்ணின் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது எல்லாருக்கும் தெரியும், இது இனாமாக வந்தது என்று. கடைக்குப் போய், நிறம் பார்த்து, தன் மகளுக்குப் பிடித்ததை எடுத்து வந்தால், பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரியாது. அவள் அங்கே வாடிக்கையாளர். அந்த நிலையைக் கொடுக்க முடிகிறபோது அதைவிடக் குறைந்ததைக் கொடுக்க நமக்கு என்ன அவசியம்?

இப்போது நடைமுறை. சீட்டில் எண் மட்டும் இருக்கும். அறக்கட்டளையின் பெயரோ, இலவசம் என்ற சொல்லோ இருக்காது. குடும்பத்தின் தலைக்கணக்குப்படி தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குமேல் நல்லதாக எடுக்க விரும்பினால் தங்கள் பணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். குளிர் உடையும் அதற்கான துணியும் மட்டுமே இந்தக் கணக்கில் வரும். அளவு சரியில்லை என்றால் மாற்றித் தரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பில்லைக் கடை நமக்கு அனுப்பும். நம் மகளிர் குழுவைச் சேர்ந்த இருவர் அதைச் சரிபார்ப்பார்கள். உருப்படிக்குச் சற்றுக் கூடுதல் விலை ஆகும்தான். அளவு சேராமல் பெட்டியில் கிடக்கும் ஸ்வெட்டரை மலிவாக வாங்கி என்ன பயன்? அந்தக் கூடுதல் தொகையும் நம் கடைவீதியில் பரம்பரையாகத் தொழில் செய்யும் ஒரு குடும்பத்துக்கும், திண்ணைத் தையற்காரருக்கும்தான் போய்ச் சேர்கிறது.

யாருக்குக் கொடுப்பது? மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா ஸ்வெட்டர் வழங்குகிறது. எனவே பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், தனித்து வாழும் மூதாட்டிகள் ஆகியோரை நாம் முதலில் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்கு ஸதகா கணக்கிலிருந்து மட்டுமே செலவு செய்கிறோம். ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்திருப்பதால் அந்தக் கணக்கு தனியே இருக்கிறது. ஸதகாவுக்கு மதம் தடையில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் அண்டைவீட்டார். லைன் வீடுகளில் இருக்கும் அந்தத் தாய்மார்களுக்கும் இந்தச் சீட்டு போக வேண்டும்.

இந்த உடைக்குப் பின்னால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. போர்த்திக்கொள்ளப் போதுமான துணி இல்லாத வீட்டில் இரவில் கரியை மூட்டிக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொள்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போன குடும்பங்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அக்ரிலிக் உடையில் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சகோதரிகள், மூடிய அறைக்குள் கரி மூட்ட வேண்டாம், ஸ்வெட்டர் போட்ட பிள்ளையை அடுப்பருகில் விட வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைகளையும் கட்டாயம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

உங்களிடம் நாம் கேட்பது மூன்று. உங்கள் தெருவில் தேவையுள்ள குடும்பம் எது என்பதைக் கார்த்திகை பிறக்கும் முன் மகளிர் குழுவிடம் மட்டும் சொல்லுங்கள்; வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். பழைய உடை தர விரும்புகிறவர்கள், துவைத்து, பொத்தான் தைத்து, உங்கள் பிள்ளைக்கே போட்டுவிடக்கூடிய நிலையில் கொடுங்கள். பணமாகத் தர விரும்புகிறவர்கள் பனிக்கு முன்பே கொடுங்கள். ஜனவரி கடைசியில் வரும் ஸ்வெட்டர் அந்த வருடக் குளிருக்கு உதவாது.

கால்நடைகளில் மனிதனுக்குக் கதகதப்பை வைத்திருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் இறைவன் நினைவூட்டுகிறான். அவன் பொதுவாகக் கொடுத்த அந்தக் கதகதப்பு நம் ஊரில் எந்தக் குழந்தைக்கும் கிடைக்காமல் போகாதிருக்க நாம் அனைவரும் உழைப்போமாக. கொடுப்பவரின் எண்ணத்தை அவன் தூய்மையாக்குவானாக. வாங்குபவரின் மானத்தைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.