ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம், பரமபதம்: நான்கு ஆட்டங்களின் தரம்

தமிழ்நாட்டில் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து ஆடப்பட்டுவந்த ஆட்டங்களில் நான்கு இன்றும் பலருக்குப் பழக்கமானவை. ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி, தாயம், பரமபதம் என்பவை அவை. நான்கையும் ஒரே மூச்சில் ‘பழைய ஆட்டங்கள்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். அமைப்பில் அவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. ஒன்றில் அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. இன்னொன்றில் அதிர்ஷ்டத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஒன்று இருவருக்கு மட்டுமே உரியது. ஒன்று ஆள் சேரச் சேரச் சுவை கூடுவது. துணைக்கு ஆளே இல்லாதவருக்கும் ஒன்று கைகொடுக்கும்.

ஆகவே ஓர் ஆட்டத்தின் தரத்தை அறிய இரண்டு கேள்விகள் போதும். ஆடுகிறவர் தாமே எடுக்கும் முடிவுக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கிறது? நண்பர் ஒருவரோடும், கூட்டத்தோடும், தனியாகவும் ஆடும்போது அது எப்படி நிற்கிறது? முதல் கேள்வியை வைத்துப் பார்த்தால் நான்கில் முதலிடம் ஆடுபுலி ஆட்டத்துக்கே; இரண்டாவதற்கு விடை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

ஆடுபுலி ஆட்டத்தின் களம் எளிமையானது. உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து 4 கோடுகள் மலைச்சரிவு போல விரிந்து இறங்குகின்றன. குறுக்கே 3 கோடுகள் அவற்றை வெட்டி, இருபுறமும் சற்று வெளியே நீள்கின்றன. அந்த முனைகளை இணைத்து, அடியில் ஒரு கோடு போட்டால் களம் முடிந்தது. உச்சியில் 1, குறுக்குக் கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். கோயில் மண்டபங்களின் கல்தரையில் இந்த வடிவம் செதுக்கப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம்.

ஒருவர் கையில் 3 புலிகள், மற்றவர் கையில் 15 ஆடுகள். புலிகள் உச்சியிலும் அதை ஒட்டிய புள்ளிகளிலும் முதலிலேயே நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கும். 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிக்கோ தொடக்கம் முதலே நடமாட்டம் உண்டு. பக்கத்துப் புள்ளியில் ஓர் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி அந்த ஆட்டைப் பிடித்துவிடும். ஆடுகளால் புலியைக் கொல்ல முடியாது. மூன்று புலிகளையும் அசைய விடாமல் கட்டிப்போடுவதே அவற்றின் வெற்றி.

இரு தரப்புக்கும் பலமும் வேறு, நோக்கமும் வேறு. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆட்டத்தின் உயிர். சதுரங்கத்தில் எதிரெதிரே ஒரே மாதிரியான படைகள் நிற்கும். இங்கே வேகமும் பசியும் ஒரு பக்கம், எண்ணிக்கையும் பொறுமையும் மறுபக்கம். நேபாளத்தில் 4 புலியும் 20 ஆடுமாக ஆடப்படும் பாக்சாலும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் களம் ஐந்துக்கு ஐந்து என்று ஒழுங்காக அமைந்த சதுரம். தமிழ்நாட்டுக் களத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் குணம் இருக்கிறது.

மூலைப் புள்ளியில் நிற்கும் ஆட்டைப் பிடிக்க முடியாது. தாண்டி இறங்க அப்பால் இடம் இல்லை. அதனால் தேர்ந்தவர்கள் முதல் ஆடுகளை ஓரத்திலும் மூலையிலும் வைத்து, பிறகு ஒன்றுக்கு முதுகாக மற்றொன்று என்று உள்ளே நெருக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாக ஆடுகிறவர் புலியை உடனே மறிக்கும் ஆசையில் நடுவில் தனி ஆட்டை இறக்கி, அடுத்த நொடியே அதை இழப்பார்.

ஆட்டத்தின் இறுக்கத்தைக் கணக்கிலேயே காணலாம். 3 புலியும் 15 ஆடும் களத்தில் இருந்தால் 18 புள்ளிகள் அடைபட்டு, 5 மட்டுமே காலியாக இருக்கும். ஓர் ஆடு போனால் காலியிடம் 6. மூன்று போனால் 8. காலியிடம் பெருகப் பெருகப் புலிக்கு மூச்சு வரும். எனவே முதல் சில ஆடுகளின் இழப்பே பெரும்பாலும் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்துவிடுகிறது. கட்டை உருட்டுவதோ காய் குலுக்குவதோ இல்லை. தோற்றவர் தம் கையைத் தவிர வேறெதையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேர் ஒரு முறை புலி, ஒரு முறை ஆடு என்று மாறி மாறி ஆடுவதே நியாயமான முறை. இருவரின் திறமையும் அப்போதுதான் தெரியும். மூன்றாமவருக்கு இதில் வேலை இல்லை. தனியே உட்கார்ந்து இரு பக்கமும் ஆடலாம். அது பயிற்சிக்கு நல்லது, ஆட்டமாக நிறைவு தராது.

பல்லாங்குழி வேறு உலகம். பக்கத்துக்கு 7 குழிகளாக 14 குழிகள் கொண்ட பலகை, புளியங்கொட்டை அல்லது சோழி, இவ்வளவுதான் கருவி. பலகை இல்லாதவர்கள் மண்ணில் குழி பறித்தும் ஆடினார்கள். குழிகளில் விதை இட்டுச் செல்லும் இந்த ஆட்டக் குடும்பம் ஆப்பிரிக்காவிலும் பரவலானது. மலாய் மக்களிடம் அது சோங்காக், கன்னட நாட்டில் அளிகுளி மணெ, ஆந்திரத்தில் வாமன குண்டலு. தமிழ்நாட்டில் இது பெண்களின் கையில் வளர்ந்தது. திருமணச் சீரில் பல்லாங்குழிப் பலகையும் சேர்ந்து வருவது உண்டு.

பரவலான முறையில் குழிக்கு 5 வீதம் 70 காய்கள். ஆடுகிறவர் தம் பக்கத்துக் குழி ஒன்றை வழித்தெடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்வார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை எடுத்துத் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளது முழுவதும் அவருக்கு. இரண்டு குழி சேர்ந்தாற்போல் வெறுமையானால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார்.

இந்த விதியின்படி முதல் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. முதல் குழியிலிருந்து 5 காயை எடுத்தால் அவை 2 முதல் 6 வரை விழும். அடுத்து 7ஆம் குழியின் காய்கள் 8 முதல் 12 வரை. பிறகு 13ஆம் குழி சுற்றிவந்து 4இல் முடியும். 5ஆம் குழியில் இப்போது 6 காய். அவை 11 வரை போகும். 12ஆம் குழியின் 6 காயும் மறுபடி 4இல் வந்து முடியும். அடுத்த 5ஆம் குழி வெறுமை. அதற்கு அடுத்த குழியில் இருக்கும் 7 காய்கள் ஆடியவருக்குச் சேரும். எல்லாக் குழியிலும் தொடக்கத்தில் ஒரே எண்ணிக்கை இருப்பதால், எந்தக் குழியில் தொடங்கினாலும் இதே 7 தான். ஆக, எத்தனை காய் கிடைக்கும் என்பதில் முதல் கை ஆடுகிறவருக்குத் தேர்வே இல்லை. எண்ணிக்கையை மாற்றும் சிந்தனை இரண்டாமவரிடம்தான் தொடங்குகிறது. முதலில் ஆடுவது யார் என்று பிள்ளைகள் சண்டை போடுவதில் இந்த 7 காயளவுக்கு நியாயம் உண்டு.

நடு ஆட்டத்தில் ஒரு குழியை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று மனத்திலேயே ஓட்டிப் பார்ப்பது கடினம். ஆனால் முடியாத காரியம் அல்ல. வீட்டில் பல ஆண்டுகள் ஆடிய பாட்டிமார் குழியைக் கண்ணால் அளந்தே காய் எத்தனை என்று சொல்வார்கள். எண்ணுவதற்காகக் குழிக்குள் விரல் விடுவது சில வீடுகளில் தவறாகவே கருதப்பட்டது. கைவேகமும் நினைவும் கணக்கும் ஒன்றாகச் சேரும் இந்த இடத்தில்தான் பல்லாங்குழி உயர்ந்து நிற்கிறது. அடுத்த சுற்றில் தோற்றவர் தம்மிடம் உள்ள காய்களைக் கொண்டு முடிந்தவரை குழிகளை நிரப்ப வேண்டும், நிரம்பாதவை அடைபடும். குழிக்கு 5 போடவே வழியில்லாதவர் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதைக் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்பார்கள். தோற்றவரை உடனே எழுப்பி விடாமல், கொஞ்சம் காயை வைத்துக்கொண்டும் மீண்டு வர இடம் கொடுக்கும் இந்த விதி அருமையானது.

தனியாக ஆடவும் பல்லாங்குழியில் வழி உண்டு. சீதைப் பாண்டி என்பது அதன் பெயர். அசோகவனத்தில் தனித்திருந்த சீதை ஆடியதாக மக்கள் சொல்லிவரும் ஆட்டம் அது. ஒரு வரிசையின் 7 குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய்களை வைத்து, 7 காய் உள்ள குழியை எடுத்து, குழிக்கு ஒன்றாக ஏழிலும் போட வேண்டும். இப்போது எடுத்த குழியில் 1, அடுத்ததில் 7, பிறகு 6, 5, 4, 3, 2. வரிசை கலையவில்லை, ஒரு குழி நகர்ந்திருக்கிறது. மறுபடி 7 உள்ள குழியை எடுத்தால் மறுபடி ஒரு நகர்வு. ஏழு முறை எடுத்துப் போட்டதும் தொடங்கிய வரிசை அப்படியே திரும்பிவிடும். 28 காய்களும் 7 குழிகளும் கொண்டு இவ்வளவு நேர்த்தியான சுழற்சியைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று தெரியவில்லை. வெற்றி தோல்வி இதில் கிடையாது. கை செய்வதைக் கண் பார்த்து மனம் அடங்கும் ஆட்டம் இது. பள்ளிக்கூடத்தில் எண்களின் ஒழுங்கைக் காட்ட இதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

தாயத்துக்கு வந்தால் கூட்டம் வேண்டும். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, கூழாங்கல், வளையல் துண்டு, புளியங்கொட்டை என்று ஆளுக்கு ஒரு வகைக் காய் வைத்து, நான்கு பக்கமும் நான்கு பேர் உட்கார்ந்தால்தான் அது களைகட்டும். கட்டம் போடாமல் காய் உருட்டுவதை வள்ளுவரே 401ஆம் குறளில் உவமையாக எடுத்துக்கொள்கிறார். அந்த அளவுக்குப் பழைய வழக்கம் இது. கீழடியில் பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். சேர்ந்து விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் இரண்டு மட்டுமே தாயம், அதாவது ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இந்தக் கூடுதல் உருட்டலுக்கான வாய்ப்பு 16இல் 6. அடிக்கடி விழுவது 3. அதற்கு மறு உருட்டல் கிடையாது. இந்தப் பங்கீடு நன்றாக யோசித்து அமைந்தது. ஒருவருக்குத் தொடர்ந்து விழுந்து கூட்டம் ஆரவாரிக்கும் கணங்கள் வருகின்றன, ஆனால் அடிக்கடி வந்து சலிப்பதில்லை.

தாயத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. 6, 5, 3 என்று அடுத்தடுத்து விழுந்தால் அந்த மூன்று எண்களையும் எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது என்பது ஆடுகிறவரின் முடிவு. ஒன்றைக் கொண்டு எதிரியை வெட்டுவதா, இன்னொன்றால் தன் காயைப் பத்திரமான கட்டத்தில் ஏற்றுவதா, சுற்றை முடித்துப் பழுக்க இருக்கும் காயை நகர்த்துவதா என்ற கேள்வியில்தான் கெட்டிக்காரர் தெரிவார். ஒரு பெரிய குறையும் உண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக நான்கில் ஒன்றுக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் பழம் எடுக்கும்போது ஒருவர் இறங்கவே முடியாமல் உட்கார்ந்திருப்பது நல்ல அமைப்பு அல்ல. சிறு பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது ஒரு காயை முதலிலேயே இறக்கி வைத்துத் தொடங்குவது நல்லது. தனியாகத் தாயம் உருட்டுவதில் எந்தச் சுவையும் இல்லை.

பரமபதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணியும் பாம்பும் விழும் எண்ணுக்குக் கட்டுப்பட்டவை. ஆடுகிறவர் முடிவு செய்ய எதுவும் கிடையாது. ஆட்டமாக அளந்தால் நான்கில் இது கடைசி. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க இதை எடுப்பவர்கள் திறமையைத் தேடி எடுப்பதில்லை. ஆறு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் சரிசமமாக உட்கார முடிகிற ஒரே ஆட்டம் இது. இந்தியாவிலிருந்து போன இந்த வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சாகி, நூறு கட்டமும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது. திரும்பி வந்த அட்டையில் பாவ புண்ணியப் பெயர்கள் இல்லை. பாம்புக்கும் ஏணிக்கும் பெயர் இருக்கும் பழைய படமே பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மேலானது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால், இருவர் கூடினால் ஆடுபுலி, நால்வர் கூடினால் தாயம், வயது கலந்த கூட்டத்துக்குப் பரமபதம் என்று கொள்ளலாம். துணையோடும் தனியாகவும் ஒரே பலகையில் ஆட வழி தருவது பல்லாங்குழி ஒன்றே.

கைபேசியில் இவை எல்லாமே கிடைக்கின்றன. விதியைக் கற்றுக்கொள்ள அது உதவும். ஆனால் செயலியில் பெரும்பாலும் ஒரே ஒரு விதிதான் இருக்கும். இந்த ஆட்டங்களோ ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு வேறுபடுபவை. குழிக்கு 5 காயா 6 காயா, பிடித்த குழியோடு எதிர்க்குழியும் சேருமா, ஒரு வெட்டாவது போட்டால்தான் காய் பழுக்குமா என்பதற்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விடை உண்டு. அவற்றில் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் ஏறவில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருக்கும் வாசகர்கள் அவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை ஆடி, தங்கள் ஊர் விதியை ஒரு தாளில் எழுதி, தேதியும் ஊர்ப் பெயரும் இட்டு வைக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும்.