ஹெட்டைப் பிரிக்கும் முன் காகிதம் கையில் வரட்டும்!

(வட்டார விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



தண்ணீர், உரம், கொள்முதல் விலை என்று எத்தனையோ பிரச்சினைக்கு நாம் கூடியிருக்கிறோம். இன்றைக்குக் கூடியிருப்பது டிராக்டருக்காக. கடன் வாங்கி டிராக்டர் எடுத்தோம். அது போதாதென்று கூடுதல் பணம் கட்டி 'எக்ஸ்டெண்டட் வாரண்டி'யும் வாங்கினோம். வண்டி நிற்கிற அன்றைக்குத்தான் தெரிகிறது, அந்தக் காகிதம் தானாக நம்மைக் காப்பாற்றாது என்று. காப்பாற்ற வைப்பது எப்படி என்பதை நம் சங்க உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததை வைத்தே சொல்கிறோம்.

அவருக்குச் சொந்த நிலம் இரண்டரை ஏக்கர். 2021 தை மாதம் மூணு சிலிண்டர் டிராக்டர் ஒன்று எடுத்தார். கம்பெனி வாரண்டி இரண்டு வருஷம். அதற்கு மேல் பணம் கட்டி இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துக்கொண்டார். 2024 புரட்டாசியில், சம்பாவுக்குச் சேறடிக்க கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்குகிறார், எஞ்சின் மிஸ் அடிக்கிறது. ஐடிலிங்கில் வண்டி குலுங்குகிறது. வெள்ளைப் புகை. லோடு கொடுத்தால் மூச்சு வாங்குகிறது. ஷோரூமுக்குப் போன் போட்டால், வண்டியைப் பார்க்காமலே பதில் வருகிறது: "டீசல்ல தண்ணி கலந்திருக்கும். அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க."

அய்யா, வைத்தியர் நாடியைப் பிடிக்காமலே நோய்க்குப் பேர் வைக்கலாமா? அன்று இரவே நாங்கள் நாலு பேர் அவர் களத்துக்குப் போனோம். ஊர் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். எதையும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் டீசல். பில்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்தோம். தண்ணீர் கலந்திருந்தால் சற்று நேரத்தில் அடியில் தனியாகத் தேங்கிவிடும். தேங்கவில்லை. டேங்கிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து, மூடி ஒட்டி, தேதி போட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வைத்தோம். டீசல் போட்ட பங்க் ரசீதும் அவரிடம் இருந்தது. பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது காற்று. டீசல் லைனில் காற்று புகுந்தாலும் மிஸ் அடிக்கும். பிளீடிங் திருகைத் தளர்த்தி கைப்பம்பை அடித்தோம். நுரை இல்லாமல் டீசல் சீராக வந்தது. ஏர் பில்டரும் அடைக்கவில்லை.

மூன்றாவது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது. வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது, இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பார்ப்பார்கள். வேலை செய்கிற சிலிண்டர் என்றால் சத்தம் மாறும், வண்டி இன்னும் குலுங்கும். ஏற்கெனவே செத்துக் கிடக்கிற சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இருக்காது. நடு சிலிண்டரில் மாற்றமே இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த டீசல் பீய்ச்சினால் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். பழகிய மெக்கானிக்தான் செய்யணும். 2023 ஜனவரிக்குப் பிறகு வந்த 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களில் பெரும்பாலும் காமன் ரெயில் எஞ்சின். அதில் இந்த வேலையே கூடாது, கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்கணும். வாரண்டியில் இருக்கிற வண்டியின் பம்பு சீலில் யாரும் கை வைக்கவும் கூடாது. சீல் உடைந்தால் நம் வழக்கும் உடைந்தது.

இவ்வளவுதான் களத்தில் பார்த்தது. இன்ஜெக்டரா, வால்வா, ஹெட் கேஸ்கட்டா என்று இனிமேல் பார்க்க வேண்டியது ஷோரூம்காரர். மறுநாள் காலை வண்டியை அங்கே சேர்த்தோம்.

அங்கே முதல் வேலையாக ஜாப் கார்டு கேட்டோம். "பார்த்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்கள். எழுதாமல் சாவி கொடுக்க மாட்டோம் என்று நின்றோம். புகார் என்ன, ஹவர் மீட்டர் எவ்வளவு, தேதி, நேரம் எல்லாம் எழுதி நகல் வாங்கினோம். மீட்டரில் 1,640 மணி. வாரண்டி காகிதத்தில் இருந்தது நாலு வருஷம் அல்லது 3,000 மணி, எது முந்துதோ அது. இரண்டுக்கும் உள்ளேதான் இருந்தோம்.

நடு சிலிண்டர் இன்ஜெக்டரை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். இன்ஜெக்டர் கோளாறு என்றால் மிஸ்ஸும் கூடவே முதல் சிலிண்டருக்குப் போகணும். போகவில்லை, நடுவிலேயே நின்றது. பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சரியாக இருக்க, நடுவில் பாதிகூட இல்லை. இதையும் ஜாப் கார்டில் எழுத வைத்தோம். அதற்குப் பிறகுதான், எங்கள் கண் முன்னால், ஹெட்டைப் பிரித்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகிப் பிளந்திருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டோம்.

டீசல் தண்ணீர் என்ற பேச்சு அத்தோடு நின்றது. உடனே அடுத்த பேச்சு கிளம்பியது: "நாலாவது சர்வீஸை 40 மணி தாமதமா விட்டிருக்கீங்க. வாரண்டி செல்லாது."

ஏன் தாமதம்? நடவு நேரம், ஆள் இல்லை என்று சொல்லி மெக்கானிக்கை 12 நாள் கழித்து அனுப்பியது அவர்கள்தான். போன் போட்ட அன்றே புகார் எண்ணோடு வந்த எஸ்.எம்.எஸ். நம் உறுப்பினரின் செல்போனில் அழியாமல் இருந்தது. அடுத்து சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம். ஒவ்வொரு சர்வீஸிலும் டேப்பட் பார்த்து செட் பண்ணியதாக உங்கள் முத்திரை இருக்கிறதே? சரியாக செட் பண்ணியிருந்தும் வால்வு கருகியது என்றால் பொருளில் கோளாறு, அது வாரண்டியில் வரும். செட் பண்ணாமல் முத்திரை மட்டும் குத்தியிருந்தால் உங்கள் சேவையில் குறைபாடு. இரண்டில் எது? நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றோம்.

எழுதித் தரவில்லை. ஆறாம் நாள் 47 பேர் ஷோரூம் வாசலில் அமைதியாக உட்கார்ந்தோம். கூடவே பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பினோம். பதினோராம் நாள் வால்வு, கேஸ்கட், ஹெட் வேலை எல்லாம் வாரண்டியில் முடிந்து வண்டி வெளியே வந்தது. எண்ணெய், பில்டர் செலவு மட்டும் நம்முடையது. அது வாரண்டியில் வராது, அதை நாம் மறுக்கவில்லை.

இது முழு வெற்றியா? இல்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் வாடகை வண்டி வைத்துத்தான் சேறடித்தார். டிராக்டர் தவணைக்கும் தேதி தப்பவில்லை. நாற்று வயதாகிக்கொண்டே போனது. அந்த நஷ்டத்தை யாரும் தரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் இன்றைக்கு உங்கள் முன் நிற்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. "டிராக்டர் தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று சொல்லி மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் சொல்கிறது. வழக்குப் போட ஷோரூம் இருக்கிற ஊருக்கோ கம்பெனி இருக்கிற நகரத்துக்கோ அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே தீரணும் என்றும் இல்லை. ஆனால் பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரே குறையுள்ள பல பேர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் போடலாம். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்கே செய்ய வேண்டியது:

வாரண்டி காகிதத்தைத் தேடி எடுங்கள். வாரண்டி கொடுத்தது கம்பெனியா, இன்சூரன்ஸ்காரரா என்று பாருங்கள். எது சேரும், எது சேராது என்று படித்த பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பம்பு, இன்ஜெக்டர், பேட்டரி, டயர் இதற்கெல்லாம் பெரும்பாலும் அந்தந்தப் பொருள் செய்தவரின் வாரண்டி தனி.

சர்வீஸை மணிக் கணக்குப்படி விடுங்கள். ஆள் வரத் தாமதமானால் எஸ்.எம்.எஸ். மூலமோ கடிதம் மூலமோ பதிவு செய்யுங்கள். ஹவர் மீட்டர் ஓடவில்லை என்றால் உடனே சரி செய்யுங்கள்.

ஆயில், பில்டர், டீசல் ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கோளாறு வந்த வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஓட்டினால் "நீங்களே கெடுத்தது" என்பார்கள். ஜாப் கார்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஹெட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டுப் பாருங்கள்.

நம் கோரிக்கைகள்:

1. வாரண்டி நிபந்தனை முழுவதையும் தமிழில் அச்சடித்து, பணம் வாங்கும் முன்பே கையில் கொடு!

2. வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

3. நடவு, அறுவடை காலத்தில் ஏழு நாளுக்குள் வேலையை முடி! முடியாவிட்டால் மாற்று வண்டி கொடு, இல்லையேல் வாடகையைக் கொடு!

4. மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் டிராக்டர் விற்பனையாளர்களையும் அழைத்துப் பதில் சொல்ல வை!

இந்தக் கோரிக்கைகளை அடுத்த குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறோம். மனுவோடு ஜாப் கார்டு நகலையும் கொண்டு வாருங்கள். வாரண்டி மறுக்கப்பட்டவர் இங்கே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கூட்டம் தூக்கும். அந்தக் கைகள் எல்லாம் காகிதத்தோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கட்டும்.

தனியாகப் போனால் "அப்புறம் வாங்க" என்பார்கள். சேர்ந்து போவோம். கட்டிய பணத்துக்கு உரிய வேலையைக் கேட்டு வாங்குவோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!