கவலையின் நடுவே களிகூருதல்

(பந்தல்குடியில் நடைபெற்ற குடும்பக் கூடுகையில் நம் மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவு ஊழியர் அளித்த செய்தி. இந்த ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் பங்காளிகளுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)

 

பந்தல்குடிக்கு வந்து கவலையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கிற சனம் நீங்கள். விதைத்த பிறகு மழை வராவிட்டால் ஒரு கவலை. மல்லி பூக்கிற நேரத்தில் அடைமழை பிடித்தால் வேறொரு கவலை. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இது போதாதென்று நகைக்கடன், குழுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் கல்யாணம்.

ஆகவே, “கவலைப்படாதீர்கள்” என்று லேசாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏற எனக்கு மனதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் கவலை என்ற வார்த்தையையே சொல்லமாட்டார்கள். “நெஞ்சு படபடங்குது, மூச்சு அடைக்குது, ராத்திரி கண்ணே மூடமாட்டேங்குது” என்பார்கள். இ.சி.ஜி. எடுத்தால் சரியாக இருக்கும். ரத்தசோகையோ தைராய்டோ இருக்கிறதா என்றும் பார்ப்போம், ஏனென்றால் அவற்றாலும் படபடப்பு வரும். அவையும் இல்லையென்றால், பயம் சரீரத்தின் வழியாகப் பேசுகிறது என்று அறிகிறோம். அது நடிப்பு அல்ல. பாம்பைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதே காரியம்தான். பாம்பு இல்லாதபோதும் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு.

இங்கேதான் ஒரு காரியத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, “உனக்கு விசுவாசம் குறைவு, மாத்திரையை விட்டுவிட்டு ஜெபம் பண்ணு” என்று சிலர் சொல்லுகிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அது ஆபத்தான ஆலோசனை. ஏற்கெனவே பயந்திருக்கிறவன்மேல் தேவன் கோபமாயிருக்கிறார் என்கிற இன்னொரு பயத்தையும் ஏற்றிவைக்கிறோம். சர்க்கரை நோய்க்காரரிடம் இப்படிப் பேசுவோமா?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று கேட்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொண்டாரா? முதலில் தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டியெழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார், மறுபடியும் போஜனம். கேள்வி கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். கரிசல் காட்டில் வேலைசெய்கிற உங்களுக்கு, வெயிலில் களைத்தவனுக்கு எது முதலில் வேண்டும் என்று தெரியும். தேவனுக்கும் தெரிந்திருந்தது.

பவுல் பிலிப்பியருக்கு எழுதினபோது காவலில் இருந்தார். வழக்கு எப்படி முடியும் என்று அவருக்கே தெரியாது. அந்த நிலையில்தான் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறார். நான்காம் அதிகாரத்தை வீட்டில் வாசித்துப் பாருங்கள். கவலையை மறைத்துக்கொள்ளும்படி அவர் சொல்லவில்லை. அதை வாய்விட்டுத் தேவனிடத்தில் சொல்லச் சொல்லுகிறார், நன்றியோடு சொல்லச் சொல்லுகிறார்.

பழைய காலத்துப் பரிசுத்தவான்களுக்கு அது கூடும், நமக்குக் கூடுமா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே, மருத்துவ ஊழியத்திலேயே ஒரு சாட்சி உண்டு.

டாக்டர் மேரி வர்கீஸ் 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணிசெய்துவந்தார். 1954 ஜனவரியில் உடன் ஊழியர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமற்போயிற்று. வயது 28. அறுவை மேசையின் முன்னே நிற்கவேண்டியவரால் உட்காரக்கூடப் பிறர் தயவு வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் அவர் அழாமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். கால் திரும்பவேண்டும் என்று ஜெபித்தார்கள். கால் திரும்பவில்லை.

தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் இருந்தார். நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைப்பது அந்த வேலை. கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவர் மேரிக்கு யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அம்மா கத்தியைக் கையில் எடுத்தார். ஊரும் உறவும் தள்ளிவைத்த ஒரு நோயாளியின் கையை, நடக்கமுடியாத ஒரு டாக்டர் பிடித்தபோது அந்த நோயாளிக்கு எப்படி இருந்திருக்கும்! நாங்கள் எத்தனை பிரசங்கம் செய்தாலும் அதற்கு ஈடாகாது.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவார்ட் ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். மரமேறி விழுந்தவர்களும் கிணற்றில் விழுந்து முதுகு ஒடிந்தவர்களும் வீட்டு மூலையில் படுக்கைப்புண்ணோடு கிடந்து சாகிற காலம் அது. அப்படிப்பட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெற்று ஒரு தொழிலும் கற்றுக்கொள்ள, 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 32 வருஷம் சக்கர நாற்காலிதான்.

இதைத்தான் களிகூருதல் என்கிறேன். சிரித்த முகத்தை மாட்டிக்கொள்வது வேறு. இழந்ததை இழப்பு என்றே சொல்லி அழுதுவிட்டு, மீதி இருக்கிற இரண்டு கைகளைத் தேவனிடத்தில் கொடுப்பது வேறு.

அதே பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய மனநல மையமும் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பயந்தவனைத் தனியே விடக்கூடாது. இந்த ஊரில் அதற்குக் கட்டடம் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்கா நாலு நாளாகத் தூங்கவில்லை என்றால் போய்க் கூட உட்காருங்கள். வசனம் சொல்லுமுன்னே சாப்பிட்டாளா என்று கேளுங்கள். பிறகு ஜெபியுங்கள். இரண்டு வாரமாகியும் தேறாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவாருங்கள். செத்துப்போகலாம் என்று யாராவது சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது ஜெபிப்போம். ஜெபம் முடிந்ததும் பின்வரிசையில் நர்ஸ் அம்மா ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மாத்திரைச் சீட்டு வைத்திருக்கிறவர்கள் அதை என்னிடம் கொண்டுவாருங்கள். யாரும் தாங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். கடைசி பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.