கைப்பேசிக்கும் கோடை உண்டு



டில்லிக்கு வந்த புதிதில் நாங்கள் அஞ்சியது மார்கழிக் குளிருக்கே. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வைகாசி வெயிலின் கொடுமை விளங்கிற்று. இவ்வூரார் ‘லூ’ என்று அழைக்கும் அனற்காற்று வீசும் நாட்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. அந்நாட்களில் வீட்டில் முதலில் சோர்ந்து விழுவது கைப்பேசிதான்.

ஒரு கோடை மாலையில், ஊரிலிருக்கும் அன்னையாருடன் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். மருத்துவர் மாற்றிக் கொடுத்த மாத்திரையின் பெயரை அவர் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். அலை நன்றாகக் கிடைக்கட்டும் என்று மேற்குச் சன்னலின் விளிம்பில் கைப்பேசியைச் சாய்த்து, மின்னேற்றியையும் செருகியிருந்தோம். திரை மங்கியது, வெப்ப எச்சரிக்கை ஒன்று தோன்றியது, பிறகு பேச்சு அறுந்தது. எங்களுக்கு ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டதென்று அஞ்சிய அன்னையார், பக்கத்து வீட்டாரைக் கொண்டு டில்லியில் எங்களை அறிந்த அனைவரையும் அழைக்கச் செய்துவிட்டார்!

பழுது கருவியினுடையதன்று, எங்களுடையதே. பெரும்பாலான கைப்பேசிகளில் விசிறி கிடையாது. உள்ளே பிறக்கும் சூடு மேனி வழியாகவே வெளியேற வேண்டும். வெளிக்காற்றே கொதிக்கும்போது அது எங்கே போகும்? ஐபோனைச் செய்யும் ஆப்பிள் நிறுவனம், சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்திலேயே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. முகம் பார்த்துப் பேசுகையில் திரை, ஒளிப்படக் கருவி, கணிக்கும் சில்லு, அலை அனுப்பும் உறுப்பு ஆகிய யாவும் ஒருங்கே உழைக்கின்றன. மின்னேற்றமும் தன் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கிறது. திரை மங்குவதும் வேகம் குறைவதும் கருவி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறைகளேயாம்.

அலை மெலிந்த இடத்திலும் சூடு ஏறும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் செல்வோர் இதை அறிவர். இட்டார்சிக்கும் நாகபுரிக்கும் இடையே சாத்புராக் காடுகளை வண்டி கடக்கையில், கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடி மிகுந்த ஆற்றலுடன் அலையை வீசுகிறது, சட்டைப்பையே சுடுகிறது. அவ்வேளையில் விமானப் பயண நிலையில் வைத்துவிடுவது நன்று.

சூடு ஏறினால் மின்கம்பியைப் பிடுங்குங்கள், உறையைக் கழற்றுங்கள், நிழலில், விசிறிக் காற்றில் சற்றே கிடத்துங்கள். பேசியே தீரவேண்டுமெனில் படத்தை நிறுத்திக் குரலால் மட்டும் பேசலாம். குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் யோசனையை நண்பர் ஒருவர் எங்களுக்கும் சொன்னார். அது வேண்டா. குளிர்ந்த கருவி வெளியே வந்ததும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராய்ப் படியும், உள்ளேயும் படியலாம்.

இரவில் தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவது இவற்றினும் கேடானது. லித்தியம் அயனி பாட்டரி வெப்பத்தில் விரைந்து மூப்படையும். முழுதும் ஏற்றிய நிலையில் இன்னும் விரைவாக. பின்புறம் உப்பிக் காணப்பட்டால் அதை அழுத்தவோ துளைக்கவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது, தீப்பற்றக்கூடும். அணைத்துவிட்டுப் பழுது பார்ப்போரிடம் சேர்ப்பதே வழி. பழைய பாட்டரியைக் குப்பையிலும் போட வேண்டா. அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன.

இப்பொழுதெல்லாம் கோடையில் விடியற்காலை ஆறு மணிக்கே அன்னையாரை அழைத்துவிடுகிறோம். அவரும் காப்பியுடன் காத்திருக்கிறார். மாத்திரைச் சீட்டைக் கண்ணாடிக்கு அருகிலேயே எடுத்து வைத்திருக்கிறார்.