எழுதப் புகுவார்க்கு ஏன் அச்சம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுதத் தொடங்குவோருக்கு உண்டாகும் அச்சத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். சிறிய பொருள்போலத் தோன்றினும் இது சிறியதன்று. நமது இளைஞர்கள் மேடையேறிப் பேசத் தயங்குவதில்லை. பரீட்சை மண்டபத்திலே மூன்று மணி நேரம் ஓயாது எழுதுகின்றார்கள். கைத்தொலைபேசியிலே நாளெல்லாம் எழுதுகின்றார்கள். ஆயினும், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்றால் மாத்திரம் பின்வாங்குகின்றார்கள். பிழை நேர்ந்துவிடுமோ, எளிமையாக எழுதினால் கற்றோர் நகைப்பரோ, "எழுதுவதற்கு இவன் யார்?" என்று ஊர் கேட்குமோ என்னும் மூன்று அச்சங்களே அவர்களைத் தடுக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். அஞ்சுகின்றவன் எழுத்தாளனாக மாட்டான் என்பது தவறான எண்ணம். நம் புலவர் பெருமக்கள் தமது நூலின் தொடக்கத்திலேயே அவையடக்கம் என்று ஒரு பகுதியை வைத்தார்கள். கம்பர் தமது ஆசையை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையின் ஆசைக்கு ஒப்பிட்டார். அவ்வாறு கூறிவிட்டு எழுதாமலா இருந்தார்? 10,000க்கு மேற்பட்ட பாட்டுக்களைப் பாடி முடித்தார். அச்சத்துக்கு வாயிற்படியில் ஓர் இடம் கொடுத்து அமர்த்திவிட்டு, தாம் உள்ளே சென்று கருமத்தைப் பார்த்தார். நாம் கற்கவேண்டிய வழி இதுவே. அச்சம் முற்றாக நீங்கிய பின் எழுதுவோம் என்று இருப்பவர், அலை ஓய்ந்த பின் கடலாடுவோம் என்று கரையிலே நிற்பவரை ஒப்பர்.

பிழை பற்றிய அச்சத்துக்குக் கந்தபுராண வரலாறே மருந்து. நமது ஆலயங்களிலே படித்துப் பயன் சொல்லப்படும் அந்நூலை இயற்றியவர், காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்து அர்ச்சகராகிய கச்சியப்ப சிவாசாரியர். முருகப்பெருமானே முதலடி எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. அரங்கேற்றத்தின்போதோ, அந்த முதற்சொல்லுக்கே தடை எழுந்தது. சொற்கள் இவ்வாறு புணர்வதற்கு இலக்கண விதி இல்லை என்றார் ஒருவர். புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியத்திலிருந்து விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பர். இறைவன் எடுத்துக் கொடுத்த சொல்லுக்கே தடை சொன்னார்கள் என்றால், நமது கட்டுரையிலே ஒருவர் ஒற்றுப் பிழை காட்டுவது அவமானமாகுமா? அவர் ஊன்றி வாசித்தார் என்பதற்கல்லவோ அது அடையாளம்! அன்றன்று பாடியவற்றைச் சுவாமியின் திருமுன் வைத்துச் செல்ல, மறுநாட் காலையில் அவை திருத்தப்பட்டிருக்கும் என்றும் அம்மரபு கூறும். பெரும் புலவரும் திருத்தத்துக்கு உட்பட்டே எழுதினார் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, எளிமை பற்றிய அச்சம். நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர் பெருமானை நினையுங்கள். செய்யுளே புலமைக்கு அடையாளம் என்று கருதப்பட்ட காலத்தில், அவர் 1852ஆம் ஆண்டு பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டார். சிறுவருக்கென்று பாலபாடங்களை எழுதினார். செய்யுள் அறியாமையினாலா அவ்வாறு செய்தார்? படித்தவர் சிலருக்கு மாத்திரம் அன்றி யாவருக்கும் விளங்கவேண்டும் என்னும் கருணையினாலே செய்தார். கேட்பவருக்கு விளங்கும்படி எழுதுதல் அறியாமை அன்று. அதுவே அறிவின் பயன்.

மூன்றாவது அச்சமே மிகக் கொடியது. "நீ யார்?" என்னும் கேள்வி நமது சமூகத்திலே பலருடைய வாயை அடைத்திருக்கின்றது. யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா அவர்கள் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டு, சிறு வயதிலேயே பாடசாலையை விட்டு நீங்கியவர். சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் அவருடைய முதற் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966ஆம் ஆண்டு அவர் தொடங்கிய 'மல்லிகை' 40 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ இளைஞரை எழுத்தாளராக்கியது. "நீ யார்?" என்ற கேள்விக்கு அவர் சண்டையிட்டு விடை சொன்னதிலும் பார்க்க, எழுதி விடை சொன்னதே பெரிது.

இளைஞர்களே, செய்யவேண்டியவை எளியன. முதலில் ஒரு பக்கம் மாத்திரம் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை இரண்டு நாள் வைத்திருந்து, பின் வாய்விட்டு வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்திலே வசனமும் பெரும்பாலும் தடுக்கியிருக்கும். அப்பால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெறுங்கள். நமது வாசிகசாலைகளிலே முன்னர் இளைஞர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளை மீண்டும் நடத்தலாம். பத்துப்பேர் வாசிக்கும் ஒரு கொப்பி, ஆயிரம்பேர் வாசிக்கும் அச்சுக்கு நல்ல பயிற்சி.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இளைஞரின் பிழையைக் காட்டுங்கள். காட்டாது விடுவது அன்பாகாது. ஆனால் சபை நடுவே நகையாதீர்கள். ஒரு நகைப்பு ஒரு பேனாவை வாழ்நாள் முழுவதும் மூடிவிடவும் கூடும்.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகின்றோம்? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. பின்னர், 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரிலே கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன. வீடுகளோடு கடிதங்களும் கொப்பிகளும் படங்களும் அழிந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி நமது முதியோரின் நினைவிலேயே இருக்கின்றது. எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றை யார் வெட்டினார், திருவிழாவிலே எந்த இரவு யாருடைய உபயம், இடம்பெயர்ந்த நாளிலே எந்த வழியால் நடந்தார்கள் என்பவற்றை அவர்கள் அறிவார்கள். ஒவ்வோராண்டும் அவர்களிற் சிலரை இழக்கின்றோம். இவற்றை எழுதிவைக்கப் பெரும் பண்டிதர் வேண்டியதில்லை. கேட்டு எழுதும் பேரனோ பேத்தியோ போதும். அவர்கள் அஞ்சி இருந்துவிட்டால், எரிப்பார் இல்லாமலே இன்னொரு நூலகம் அழியும்.

எழுதும்போது, "என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று எண்ணினால் அச்சம் வளரும். "இதை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?" என்று எண்ணினால் அச்சம் சுருங்கும். ஆகவே, இளைஞர்களே, இந்த வாரமே ஒரு கொப்பியுடன் உங்கள் பாட்டனார், பாட்டியார் அருகிலே சென்று அமருங்கள். அவர்கள் சொல்லும் முதல் வசனத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அடியெடுத்துக் கொடுப்பவர் பக்கத்திலேயே இருக்கின்றார்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.