எந்தப் பயிற்சிநெறி? விமானப் பராமரிப்புத் துறையை நாடும் தங்கையருக்கு



நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவிகளுடன் எங்கள் தொழிலைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். விமானப் பராமரிப்புப் பொறியியலாளராக வர விரும்புபவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கோர்ஸ் கெதியாய் முடியும்?" என்பதுதான். அதற்கே இன்று பதில் சொல்ல வந்துள்ளோம்.

ஐரோப்பிய அனுமதிப்பத்திரத்தை உதாரணமாக எடுப்போம். ஜெற் விமானங்களின் உடற்பகுதியையும் இயந்திரத்தையும் பராமரிக்கும் பி1.1 பிரிவுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 2400 மணித்தியால முழுப் பயிற்சிநெறி. அதில் 50 முதல் 60 சதவீதம் வரைதான் வகுப்பறைப் பாடம், மிகுதி செய்முறை. அதனுடன் 2 வருட அனுபவம் போதும். இரண்டாவது, பொருத்தமான தொழில்நுட்பத் தொழிலொன்றில் முறையாகப் பயின்றவர்களுக்கு உரியது. அவர்களுக்கு 3 வருட அனுபவம் வேண்டும். மூன்றாவது, தாமாகப் படித்துப் பாடம் பாடமாகப் பரீட்சை எழுதுவது. இதற்கு 5 வருட அனுபவம் வேண்டும். எவ்வழியானாலும் ஒவ்வொரு பாடத்திலும் 75 புள்ளி எடுத்தால்தான் சித்தி.

எங்களில் ஒருவர் முதலாவது வழியால் வந்தவர். கட்டணம் முழுவதையும் கட்ட அம்மாவின் நகை அடைவுக்குப் போனது. மற்றவர் மூன்றாவது வழியால் வந்தவர். காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. ஆனால் பரீட்சைகளெல்லாம் முடிந்த பிறகும், பறக்கும் விமானத்தில் வேலை பழக இடமில்லாமல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். பரீட்சைச் சித்திக்கும் 10 வருடக் கெடு உண்டு. பெறுபேற்றுத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் அனுமதிப்பத்திரம் பெற முடியாது. இடம் கிடைத்த பின் அவர் எங்கள் எவருக்கும் குறைந்தவராக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வேலைப் பழக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1990 ஜூன் மாதம் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட விமானமொன்றின் முன்கண்ணாடி நடுவானில் கழன்று பறந்தது. விமானி பாதி உடல் வெளியே இழுபட்டும் உயிர் தப்பினார். அதற்குச் சற்று முன் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. பூட்டியவர் அனுபவசாலி, பாகப் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டைக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். எவ்வளவு தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் கைந்நூலைத் திறந்து பார்க்கவேண்டும். அந்தப் பழக்கம், பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தத் திருத்தத்தான் வரும்.

ஆகவே, காசு கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நிறுவனத்தின் அங்கீகாரம் எந்த அதிகாரசபையுடையது, எந்தப் பிரிவுக்கு? செய்முறை எத்தனை மணித்தியாலம், எந்த விமானத்தில்? படித்து முடிந்ததும் அனுபவம் பெற எங்கே அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில், கட்டணம் எவ்வளவு குறைவென்றாலும் அவசரப்படாதீர்கள்.

ஒரு நாள் நீங்கள் வைக்கும் கையெழுத்தை நம்பி நூற்றுக்கணக்கானோர் விமானம் ஏறுவார்கள். அதற்கு இரண்டு வருடம் கூடச் சென்றாலும் நட்டமில்லை.