ஐந்நூறு மீட்டர்



திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் நிற்கும் இராஜகோபுரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதின்மூன்று நிலைகளும் 236 அடி உயரமும் உடையது அது. நான் சிறுவனாயிருந்த காலத்தில் அதனை ஊரார் 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைத்தனர். 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்துப் பணி, அடிப்பகுதியோடு நின்றுபோயிருந்தது. 1987-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் அதன் குடமுழுக்கு நடைபெற்றபோது நான் இளம் ஆசிரியன். தெருவில் கூடிய பெருங்கூட்டத்தில் நானும் ஒருவனாய் நின்றேன்.

கோபுரம் நானூறு ஆண்டு காத்திருக்கலாம். அதனை நம்பி ஒருவரும் காலையில் வேலைக்குப் புறப்படுவதில்லை. இரயில் பாதை அத்தகையதன்று. ஆகவே இன்று, சென்னை மாநகரில் 'பறக்கும் இரயில்' எனப்படும் பாதை தாமதமான வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

கடற்கரை நிலையத்திலிருந்து பெரும்பகுதி தூண்களின்மேல் செல்லும் இப்பாதைக்கு 1980-களின் முற்பகுதியில் திட்டமிட்டனர். அது 1995-இல் சேப்பாக்கத்தையும், 1997-இல் மயிலாப்பூரையும், 2004-இல் திருவான்மியூரையும், 2007-இல் வேளச்சேரியையும் அடைந்தது. இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தைக் கடக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஏன் இத்தனை காலம்? நெருங்கிய நகரில் வீடுகளை இடிக்காமல் பாதை காண்பது அரிது. எனவே பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும், அதனுள்ளும் தூண்களை நாட்டினர். இடம் எளிதிற் கிடைத்தது. ஆனால் கால்வாயின் நீரோட்டம் தடைப்பட்டது என்ற குறையும் கூடவே வந்தது. செலவோ மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. இரண்டாம் பகுதியில் மாநிலத்தின் பங்கு நூற்றுக்கு 67. இருவர் சேர்ந்து ஓர் ஏற்றம் இறைக்கும்போது ஒருவர் கை தளர்ந்தாலும் நீர் மேலே வராது அல்லவா?

இனி, கதையின் கடைசிப் பகுதிக்கு வருவோம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்தே கிலோமீட்டர் நீட்டினால், பறக்கும் இரயிலும் செங்கற்பட்டு செல்லும் புறநகர் இரயிலும் ஒன்றாய் இணையும் என்பதே திட்டம். இப்பணி 2008-இல் தொடங்கியது. பெரும்பகுதியில் தூண்கள் எழுந்தன, மேற்பாலமும் அமைந்தது. ஆனால் ஆதம்பாக்கத்துக்கு அருகே ஐந்நூறு மீட்டர் அளவுக்கு நிலம் கைக்கு வரவில்லை. நிலத்துக்குரியோர் இழப்பீடு போதாது என்று நீதிமன்றம் சென்றனர். வழக்கு நடக்கும்போதே புதிய நிலமெடுப்புச் சட்டம் 2014-ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப்படி விலையா, புதிய சட்டப்படி விலையா என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்துகொண்டது. பல ஆண்டுகள் கடந்தன. ரூபாய் 495 கோடி என்று மதிக்கப்பட்ட செலவு 700 கோடியையும் தாண்டியது. இதற்குப் பின் 2009-இல் பணி தொடங்கிய மெட்ரோ இரயில் 2016-இலேயே பரங்கிமலையை அடைந்துவிட்டது!

இதில் குற்றவாளி யார்? நிலத்துக்குரியோர் என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். வாழ்நாள் உழைப்பால் கட்டிய வீட்டுக்கு நியாயமான விலை கேட்பது பேராசையன்று. அதே சமயம், பேருந்து நெரிசலில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இழந்த தொழிலாளியின் குறையும் உண்மையே. அவருக்கு வழக்குமன்றம் இல்லை; அவர் இழந்த காலத்துக்கு இழப்பீடும் இல்லை. இரு நியாயங்களும் மோதாமல் காக்கும் வழி ஒன்றே: தூண் நாட்டுமுன் நிலத்தைப் பேசித் தீர்த்தல். கணக்குப் பாடத்தில் முதல் வரியைத் தவறவிட்ட மாணவன் கடைசி வரியில் விடையைத் தேடுவதுபோல், நிலத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தமையே இத்துன்பத்தின் வேர்.

சென்னைக் கதை நமக்கென்ன என்று கேட்காதீர்கள். நம் திருச்சிச் சந்திப்பு அருகே 2014-இல் தொடங்கிய மேம்பாலத்தின் ஒரு கை, ஓர் ஏக்கருக்கும் குறைந்த பாதுகாப்புத் துறை நிலத்துக்காகப் பல ஆண்டு அந்தரத்தில் நின்றது. 2023-இல்தான் அது திறக்கப்பெற்றது. அந்த நிலமோ அரசின் நிலம்; விலை பேசும் குடும்பம் ஒன்றுமில்லை. எனினும் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு இசைவு வருவதற்கு அத்தனை காலம் பிடித்தது.

நம் நகருக்கும் மெட்ரோ இரயில் வேண்டுமென ஆய்வு நடைபெற்று, சமயபுரம்–வயலூர், துவாக்குடி–பஞ்சப்பூர் என இரு வழிகள் முன்மொழியப்பட்டன. முதல் வழி கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தாக வேண்டும். உங்களுள் நாளை நில அளவையாளராகவும், பொறியாளராகவும், வழக்கறிஞராகவும் வருவோர் உண்டு. திட்டப் படம் உங்கள் மேசைக்கு வரும்போது, பாலம் எத்தனை அழகு என்று பார்க்குமுன், அக்கோடு யாருடைய வாசற்படி வழியே போகிறது என்று பாருங்கள். அவ்வீட்டுக்கு நடந்து சென்று, அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த ஒரு நாள் நடை, பல்லாண்டுத் தாமதத்தைத் தவிர்க்கக்கூடும்.